கன்னத்தின் உட்புறம்

கிரொய்டன், லண்டன்
17.06.2004

அன்புள்ள எமல்டா அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் கேசினியும் பிள்ளையும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? பூனாகலையில் அம்மா சுகமா? பென்ஷன் வயது தாண்டியும் காலையில் பெரட்டுக்கு, கொழுந்து எடுக்கப் போகிறேன் என்று இன்னும் பிடிவாதம் பிடிக்கிறாரா?

இந்தக் கடிதத்துக்குப் பதிலை வீட்டுக்குப் போடவேண்டாம். நண்பர் அஸீஸின் கடை முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். தொலைபேசியிலும் இதைப் பேசவேண்டாம். கேசினிக்கு ஒன்றும் தெரியாது. அவள் யாழ்ப்பாணத்து வாத்தியார் குடும்பம்; தெரிந்தால் அவள் தகப்பனாரின் வாயை யாராலும் மூட முடியாது.

போன மாதம் எங்கள் களஞ்சியத்தில் விலை உயர்ந்த சாமான் பெட்டிகள் காணாமல் போயின. பொலிஸ் வந்தது. அங்கே வேலை செய்கிற அத்தனை பேரிலும் என்னையும், ஒரு கானா நாட்டானையும், ஒரு பாகிஸ்தானியையும் மட்டும் வண்டியில் ஏற்றினார்கள். தோலைப் பார்த்துத் திருடனைக் கண்டுபிடிக்கிற வித்தையை இவர்கள்தான் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். கைரேகை எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். பிறகு ஒரு பொடியன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, பல் வைத்தியர் மாதிரி மரியாதையாக “கொஞ்சம் வாயைத் திறவுங்கள் சேர்” என்று சொல்லி, பஞ்சு சுற்றிய குச்சியைக் கன்னத்தின் உட்புறத்தில் விட்டுத் தேய்த்தான். அன்று பின்னேரமே விட்டுவிட்டார்கள். திருடியது முகாமையாளரின் மைத்துனன். அவன் வெள்ளைக்காரன்.

“அந்தக் குச்சியைத் திருப்பித் தாருங்கள்” என்றேன். சிரித்தான். இந்தச் சித்திரையிலிருந்து புதுச் சட்டமாம். கைது செய்தாலே போதும், எச்சில் எடுக்கலாம்; குற்றம் செய்யாதவனுடையதையும் நாடு முழுவதற்குமான கணினிப் பதிவில் வைத்திருக்கலாம். நான் சாகும்வரை. செத்த பிறகும்.

விடமாட்டேன் அக்கா. அழிக்கவைத்தே தீருவேன்.

அன்புத் தம்பி
அற்புதராஜ்


பதுளை
11.07.2004

அன்புத் தம்பி அற்புதம்,

உன் கடிதம் வந்தது. நீ சுகமாயிருப்பதாக எழுதியதை நம்புகிறேன். மற்றதைப் பார்த்தால் சுகமாக இருக்கிற ஆள் எழுதியது மாதிரித் தெரியவில்லை. முழங்கால் அப்படியேதான். அம்மா பெரட்டுக்குப் போகிறார். நிறுத்தப்போன தோட்டத்துத் துரையிடம் “நீ வேணா நில்லு” என்றாராம்.

உன் சுபாவம் எனக்குத் தெரியும். விமானம் ஏறும்போது என்ன சொன்னாய்? “அங்க சட்டம் இருக்கு அக்கா, இங்க மாதிரி காட்டுமிராண்டி ஆட்சி இல்ல.” இப்போது அந்தச் சட்டம் உன் வாய்க்குள் குச்சி விட்டிருக்கிறது. இங்கே நீதவான் நீதிமன்றத்தில் நான் தினமும் மொழிபெயர்க்கிற பையன்களின் வாய்க்குள் எதெதையோ விட்டிருக்கிறார்கள். யாரும் “சேர்” போட்டுச் சொல்லிவிட்டுச் செய்யவில்லை. உன் பஞ்சுக்குச்சிக்காக அழுவதற்கு எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு.

நம் தம்பி ஜோன்சனை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் ஐந்து வருடமாகிறது. மறந்திருக்க மாட்டாய் என்றுதான் எழுதுகிறேன். உன் கடிதத்தில் அவன் பெயரே இல்லை. நான் ஏறாத பொலிஸ் நிலையம் இல்லை, முகாம் வாசல் இல்லை. “இப்பெயருடைய எவரும் எம்மால் கைது செய்யப்படவில்லை” என்று ஒரு நிலையத்தில் சிங்களத்தில் எழுதித் தந்தார்கள். உன்னைப் பற்றி அங்கே எல்லாம் பதிந்து வைத்திருக்கிறார்கள் என்று அழுகிறாய். இவனைப் பற்றி இங்கே ஒரு வரிகூட வைத்திருக்கவில்லை.

பிள்ளைக்கு என் முத்தம்.

அக்கா
எமல்டா


லண்டன்
23.10.2004

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். அம்மாவுக்குக் குளிர் தாங்கும் மேற்சட்டை அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் கிண்டல் செய்தாலும் பரவாயில்லை. பொலிஸ் தலைமை அதிகாரிக்கு எழுதினேன். மூன்று வரிப் பதில்: விசேட காரணம் இருந்தால் மட்டுமே அழிப்பார்களாம், நான் விசேடமானவன் இல்லையாம். நிரபராதி என்பது இந்த நாட்டில் விசேட காரணம் ஆகாது. ஆடி மாதம் பிரபுக்கள் சபை நீதிபதிகளும் இப்படி வைத்திருப்பதில் தவறில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நரைத்த தலைகள், ஒன்றையாவது வண்டியில் ஏற்றியிருப்பானா? ஸ்கொட்லாந்தில் குற்றமில்லை என்றால் அழித்துவிடுவார்களாம். எல்லைக்கு வடக்கே துப்பினால் மனிதன், தெற்கே துப்பினால் சந்தேக நபர்.

அஸீஸ் ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப்போனார். அவள் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஒருவனுடைய எச்சில் ஒருவனுடையது மட்டும் இல்லையாம். எங்கோ கிடக்கிற ஒரு துளி இரத்தத்துக்குச் சொந்தக்காரன் பதிவில் இல்லாவிட்டாலும், அவனுடைய தகப்பனோ கூடப்பிறந்தவனோ இருந்தால், “இவனைப் போய்க் கேள்” என்று கணினி காட்டிக்கொடுத்துவிடுமாம். இவர்கள் வைத்திருப்பது என்னை மட்டும் இல்லை. நம் எல்லோரையும்.

அதனால்தான் சொல்கிறேன், எப்படியாவது அழிக்க வேண்டும்.

அன்புத் தம்பி
அற்புதராஜ்


பதுளை
12.12.2004

அன்புத் தம்பி,

கிறிஸ்மஸ் வாழ்த்துகள். மேற்சட்டை வந்தது. அம்மா போட்டுக்கொண்டு லயத்து வீடுகளில் எல்லோருக்கும் காட்டினார். பிறகு கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். கொழுந்து எடுக்கும்போது கை மடங்கவில்லையாம்.

உன் விஷயத்தை அவரிடம் சொன்னேன். கோபிக்காதே, சிரித்தார். “கணக்கப்புள்ள வீட்டுல நமக்குத் தனிக் கோப்ப வச்சிருந்தாங்க, நம்ம எச்சி பட்டுறக் கூடாதுன்னு. வெள்ளக்காரன் அத எடுத்துப் பொட்டியில வச்சிப் பூட்டியிருக்கானா? பரவால்லயே, நம்ம எச்சிக்கும் ஒரு மதிப்பு வந்துருச்சி.”

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. நீ தூக்கம் இல்லாமல் தவிப்பது எதற்கு? உன் எச்சிலை வைத்துக்கொண்டு யாரைத் தேடப்போகிறார்கள்? அம்மா பூனாகலையை விட்டுப் பண்டாரவளைக்கு வருவதே ஆஸ்பத்திரிக்குத்தான். நான் லண்டனுக்கு வந்து கொலை செய்யப்போவதில்லை, முழங்கால் விடாது. ஜோன்சன் இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாது. உன் குடும்பத்தில் வேறு யார்?

கௌரவம் போய்விட்டதென்று கோபப்படு, புரிகிறது. பயப்படுகிறாயே, அதுதான் புரியவில்லை.

அக்கா
எமல்டா


லண்டன்
05.11.2007

அன்புள்ள அக்காவுக்கு,

வாழ்த்து மட்டைகளைத் தவிர மூன்று வருடமாக ஒன்றும் எழுதவில்லை. மன்னியுங்கள். வேலை. எல்லோரும் சுகம்.

ஒரு உதவி. ஜோன்சனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டும். காணாமல் போனவர்களுக்கு எடுக்க வழி இருக்கிறதென்று நீங்கள்தானே ஒருமுறை எழுதினீர்கள். நீதிமன்றத்தில் உங்களுக்குத் தெரியாத ஆளா? கூடிய விரைவில் எடுத்து அஸீஸ் முகவரிக்கு அனுப்புங்கள். யாராவது வந்து அவனைப் பற்றிக் கேட்டால் 1999இல் இறந்துவிட்டான் என்று சொல்லுங்கள். அம்மாவையும் அப்படியே சொல்லச் சொல்லுங்கள்.

காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

அற்புதராஜ்


பதுளை
09.03.2008

அற்புதம்,

நான் சுகம். அம்மா சுகம். நீ சுகமாயிருக்கிறாயா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன். உன் வீட்டுக்கு எத்தனை தரம் தொலைபேசி எடுத்தும் பதில் இல்லை.

மரணச் சான்றிதழ் கேட்டாயே, அதற்கு நான் பதில் போடாதது கோபத்தால். இன்னும் சாகவில்லை என்று பெற்றவள் சொல்கிற பிள்ளைக்கு, நீ அங்கிருந்து கொண்டு சாவுச் சீட்டு எழுதச் சொல்கிறாய்.

போன வாரம் கொழும்பிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். வழிகாட்ட இங்குள்ள ஒரு இன்ஸ்பெக்டர். நாற்காலி போட்டேன், தேநீர் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்: “உங்கள் தம்பி ஜோன்சன் இப்போது எங்கே?”

“அதை நான்தான் உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் மாத்தயா. ஒன்பது வருடமாக.”

அலுமாரியிலிருந்து அந்தக் கடதாசியை எடுத்துக் கொடுத்தேன். இப்பெயருடைய எவரும் கைது செய்யப்படவில்லை. படித்தார். முகத்தில் ஈ ஆடவில்லை. “இது பழைய விஷயம் மிஸ்,” என்றார். ஒன்பது வருடம் எனக்கு இல்லாத தம்பி, இங்கிலாந்து கேட்டதும் அவர்களுக்கு இருந்துவிட்டான். வெள்ளைக்காரன் கடிதம் எழுதினால் நம் பொலிஸுக்கு ஞாபகசக்தி திரும்புகிறது.

பிறகு கொழும்புக்காரர் விளக்கினார். லண்டனில் கார் கழுவுகிற ஓர் இடத்தில் கொலை. உடைந்த கதவுக் கண்ணாடியில் இரத்தம். அது செத்தவனுடையதும் இல்லை, அவர்களின் பதிவிலுள்ள யாருடையதும் இல்லை. ஆனால் 2004இல் எடுத்த உன் எச்சிலோடு பாதிக்குப் பாதி ஒத்துப்போகிறதாம். “கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். அற்புதராஜோ தனக்கு ஒரே தம்பிதான், அவன் 1999இல் இறந்துவிட்டான் என்று கையொப்பமிட்டிருக்கிறார்,” என்றார்.

அற்புதம், அவர்கள் கொலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு ஒன்றுதான் கேட்டது. அவன் உயிரோடு இருக்கிறான். இரத்தம் ஓடுகிற உடம்போடு இருக்கிறான்.

நிச்சயப்படுத்த அம்மாவின் எச்சில் வேண்டுமாம். வண்டியில் பூனாகலைக்குப் போனோம். மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லை, நானே மொழிபெயர்த்தேன். லயத்து வாசலில் பக்கத்து வீட்டு இராக்கம்மா அக்காவிலிருந்து நண்டு சிண்டு வரை கூடிவிட்டது.

“என்னாவாம்?” என்றார் அம்மா.

“ஒங்க வாயில பஞ்சு வச்சித் தேய்க்கணுமாம்மா. ஜோன்சன் லண்டன்ல இருக்கான்னு நெனைக்கிறாங்க. அதப் பாக்கத்தான்.”

அம்மா அவர்கள் கையிலிருந்த பஞ்சுக்குச்சியைப் பார்த்தார். நான் தமிழில் வேகமாகச் சொன்னேன்: “அம்மா, இவங்க அவனக் கண்டுபுடிச்சி ஒங்ககிட்ட குடுக்கப் போறதில்ல. கேஸ்ல புடிக்கத்தான் தேடுறாங்க. வேணாம்னு சொல்ல ஒங்களுக்கு உரிமை இருக்கு.”

“புடிக்கட்டும்டி. புடிச்சாத்தானே எங்க இருக்கான்னு தெரியும். இவ்ளோ நாளும் புடிச்சவன் இல்லேன்னான்ல? இவன் இருக்கான்னு சொல்லித்தானே புடிப்பான்?” பிறகு கேட்டார்: “வெத்தல போட்டிருக்கேன். பரவால்லயான்னு கேளு.”

வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள். கொப்பளித்துவிட்டு வந்து, திருப்பலியில் நன்மை வாங்குகிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

உடனே எழுது. அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நீ தேடு. கோயில், கடை, கோர்ட், எங்கேயாவது ஒருவனுக்குத் தெரிந்திருக்கும்.

அக்கா
எமல்டா


லண்டன்
02.05.2008

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம்.

நீங்கள் இப்படி அவசரப்பட்டிருக்கக் கூடாது. கணினி சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. பாதி ஒத்துப்போனால் உறவு என்று அர்த்தமில்லை, தற்செயலாகவும் வரலாம் என்று என் சட்டத்தரணி சொல்கிறாள். அம்மாவை வாய் திறக்க விட்டது பெரிய முட்டாள்தனம். நான்கு வருடமாக இவர்கள் கையிலிருந்து ஒரு குச்சியைப் பிடுங்கப் போராடுகிறேன். நீங்கள் வண்டியில் ஏறிப்போய் இன்னொன்றைக் கொடுத்திருக்கிறீர்கள்.

இந்த நாட்டுப் பொலிஸ் கீழ்த்தரமானவன். முகவரிச் சீட்டைப் புரட்டுகிற மாதிரி மனிதரின் இரத்தத்தைப் புரட்டுகிறான். அதற்கு நாமும் துணை போகவேண்டாம். அம்மாவிடம் வீண் ஆசையை வளர்க்காதீர்கள். இனி வந்தால் ஒன்றும் பேசவேண்டாம்.

அற்புதராஜ்


பதுளை
01.06.2008

அற்புதம்,

சுகம் விசாரிப்பைச் சுருக்கிக்கொள்கிறேன். உயிரோடிருக்கிறோம்.

சாட்சிக் கூண்டில் நிற்பவர்களின் வாயைப் பார்த்தே இருபது வருடம் சோறு சாப்பிட்டவள் நான். மொழிபெயர்க்கிறவள் சொன்னதை மட்டும் கேட்பதில்லை. சொல்லாமல் விட்டதையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். ‘உண்மையா அக்கா?’ என்று நீ கேட்கவில்லை. ‘இருக்குமா?’ என்று கேட்கவில்லை. செத்தான் என்று கையொப்பமிட்ட தம்பி உயிரோடு இருக்கலாம் என்று ஒருத்தி எழுதுகிறாள். நீ எனக்குச் சட்டம் சொல்லித் தருகிறாய்.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லாதவன்தான் ஆச்சரியப்படாமல் இருப்பான்.

என்ன தெரியும் உனக்கு? ஒரே ஒரு வரி எழுது. நான்கு வருடமாக எச்சிலுக்காக இவ்வளவு எழுதினாயே, இதற்கு ஒரு வரி.

எமல்டா


லண்டன்
14.12.2008

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்மஸ் வாழ்த்துகள். அம்மாவுக்கும் சொல்லவும். நாங்கள் சுகம், பிள்ளை பியானோப் பரீட்சையில் சித்தி.

நல்ல செய்தி. பத்து நாளுக்கு முன் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. குற்றவாளி என்று தீர்க்கப்படாதவர்களின் பதிவை இங்கிலாந்து இப்படிக் கண்மூடித்தனமாக வைத்திருப்பது தவறாம். ஒரு நீதிபதிகூட மாறுபடவில்லை. எல்லோரும் ஒரே குரல்! பிரபுக்கள் சபைக் கிழவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். இனி அரசாங்கம் சட்டத்தை மாற்றியே ஆகவேண்டும். என்னுடையதை அழிக்கக் கேட்டு அன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிட்டேன். அஸீஸ் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

சட்டம் கடைசியில் நம் பக்கம்தான் அக்கா. பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

வேறு விசேஷம் இல்லை.

அன்புத் தம்பி
அற்புதராஜ்


பதுளை
15.03.2009

அற்புதராஜுக்கு,

வேறு விசேஷம் இங்கே இருக்கிறது. ஜோன்சன் வந்துவிட்டான்.

போன மாதம் விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். விமான நிலையத்தில் இங்குள்ள பொலிஸார் பிடித்து வைத்துக்கொண்டார்கள். சட்டத்தரணி இப்றாஹீம் என்னோடு கொழும்புக்கு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசி, வெளியே எடுத்தார். தலை பாதி நரைத்திருக்கிறது. வலது உள்ளங்கையில் பெரிய வடு. பண்டாரவளையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், “அக்கா, மூச்சு முட்டுது, கொஞ்சம் நிப்போம்,” என்றான். ரோட்டோரமாக நின்றோம்.

லயத்தில் அம்மா அழவில்லை. “சாப்டியா?” என்றார். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையை விரலால் கோதிப் பார்த்துக்கொண்டே இருந்தார், பேன் பார்க்கிற மாதிரி.

கொலையைப் பற்றிக் கேள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவன் குத்துப்பட்டுக் கத்தியிருக்கிறான். இவன் கையால் கண்ணாடியை உடைத்துப் போய்த் தூக்கியிருக்கிறான். விசா இல்லாததால் பொலிஸ் வருமுன் ஓடியிருக்கிறான். கொன்றவன் போன ஆடியில் பிடிபட்டு, அவன் வாயால்தான் இவன் பெயர் வெளியே வந்தது. உன் எச்சில், அம்மாவின் எச்சில், லட்சக்கணக்கான மனிதரின் எச்சிலை அடுக்கி வைத்திருக்கிற அந்தப் பெரிய கணினி, ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஒருத்தன் சொல்லித்தான் தெரிந்தது. ஒரு மனிதனைக் காப்பாற்றப் போனதற்கு நன்றியாக, ஜோன்சனைச் சாட்சி சொல்லவைத்துவிட்டு நாடு கடத்தினார்கள். அந்த நாட்டின் சட்டம் உன் பக்கம் என்று எழுதியிருந்தாய். வைத்துக்கொள்.

இரண்டாம் நாள் நான்தான் கேட்டேன். “ஏன்டா, பத்து வருஷம். ஒரு துண்டுக் கடதாசி போட முடியலியா ஒனக்கு?”

என்னைப் பார்த்தான். “ஒங்களுக்குத் தெரியாதா?”

“என்னா தெரியாதா?”

“நான் ரெண்டாயிரத்துல அங்க எறங்கின ஒடனேயே அண்ணனுக்குப் போன் எடுத்தேனே அக்கா. முகாம்லருந்து வெளிய விட்டப்போ, பதுளப் பக்கம் மூஞ்சி காட்டுனா சுட்டுருவோம்னாங்க. கூட இருந்த பொடியன் வழியா வேற பேர்ல போயிச் சேந்தேன். அண்ணன் சொன்னாரு, எனக்கு இன்னும் விசா முடிவாகல, நீ வேற பேர்ல வந்திருக்க, ரெண்டு பேரையும் சேத்து அனுப்பிருவான், இந்த நம்பருக்கு இனிமே எடுக்காதன்னு. சரின்னேன். அம்மாகிட்ட மட்டும் நான் உசுரோட இருக்கேன்னு சொல்லிருங்கன்னேன். சொல்றேன்னாரு.”

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ரெண்டு வருஷம் பாத்தேன். அண்ணன் கிட்டருந்து யாரும் வரல. சரி, ஊர்லயும் எல்லாருக்கும் தெரியும், பேசாம இருக்கத்தான் முடிவு பண்ணியிருக்காங்க, என்னால ஒங்களுக்குத் தொந்தரவு வேணாம்னு நெனச்சேன். நீங்களும் என்னய வேணாம்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன் அக்கா.”

அற்புதராஜ், உன் விசா சீக்கிரமே கிடைத்துவிட்டது. பிறகு குடியுரிமை கிடைத்தது. பிறகு வீடு வாங்கினாய். எந்த நாளில் உனக்கு ஆபத்து நீங்கியது, அந்த நாளின் மறுநாள் ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை? நான் முகாம் முகாமாக ஏறி இறங்கியதைக் கடிதம் கடிதமாக உனக்கே எழுதிக்கொண்டிருந்தேன். வாசித்துவிட்டு மேற்சட்டை அனுப்பினாய்.

இப்பெயருடைய எவரும் இல்லை என்று எழுதித் தந்த பொலிஸ்காரனை நான் காறித் துப்பியிருக்கிறேன். அவன் எனக்கு உறவு இல்லை.

எமல்டா


லண்டன்
08.06.2009

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலமென நம்புகிறேன். அம்மாவின் உடல்நிலை எப்படி? தம்பியும் நலமா?

உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. அதைப் பற்றி இப்போது எழுத முடியாத நிலையில் இருக்கிறேன். ஜோன்சன் விசாரணையில், இங்கே வந்ததும் எனக்குத் தொலைபேசி எடுத்ததாகச் சொல்லிவிட்டான். அவன் இறந்துவிட்டான் என்று நான் கையொப்பமிட்டது பொய் வாக்குமூலம், நீதியைத் தடுத்த குற்றம் என்று என் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். சிறைக்குப் போகலாம் என்கிறாள் சட்டத்தரணி. வேலை போய்விடும். கேசினிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். என் பதிவை அழிக்கும் பேச்சே இனி இல்லை; வழக்கு இருக்கிறவரை வைத்திருப்பார்கள்.

ஒரு சத்தியக் கடதாசி வேண்டும் அக்கா. ஜோன்சன் இறந்துவிட்டான் என்றுதான் குடும்பமே நம்பியது, நானும் நம்பினேன் என்று நீங்கள் எழுதித் தந்தால் போதும். நீங்கள் நீதிமன்ற உத்தியோகத்தர். உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

உங்களை விட்டால் எனக்கு யார்?

அன்புத் தம்பி
அற்புதராஜ்


பதுளை
02.08.2009

அற்புதராஜுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். யுத்தம் முடிந்ததென்று டவுனில் வெடி கொளுத்திய வாரம் முழுவதும் ஜோன்சன் வெளியே தலை காட்டவில்லை. இப்போது வெலிமடையில் ஒரு மரக்கறி லொறியில் வேலை. சனிக்கிழமைகளில் கோவாவும் லீக்ஸும் கொண்டுவருகிறான்.

நீ கேட்டதை நான் எழுத முடியாது. அவன் செத்துவிட்டான் என்று குடும்பம் ஒருநாளும் நம்பவில்லை. நம்பாததால்தான் என் முழங்கால் தேய்ந்தது. நீ என்ன நம்பினாய் என்று உனக்குத்தான் தெரியும். நான் உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் இருந்தேன். பூனாகலைக்குப் போன இடத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“ஜெயில்லயா போடுவாங்க?” என்றார் அம்மா.

“போடட்டும்.”

“ஒருத்தன் வந்துட்டான்னு இன்னொருத்தன அனுப்பவாடி? நான் என்ன சந்தையிலயா நிக்கிறேன், ஒண்ணக் குடுத்து ஒண்ண வாங்க? எழுதிக் குடு.”

“பொய்யம்மா.”

உள்ளே இருந்த ஜோன்சன் எழுந்து வந்தான். “நீங்க எழுத வேணாம் அக்கா. நான் எழுதித் தாறேன்.”

நான் அவனைத் திட்டினேன். உன்னைத் திட்டவேண்டியதையெல்லாம் சேர்த்து அவனைத் திட்டினேன். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். மறுநாள் இப்றாஹீம் சேரிடம் போனோம். அவன் தமிழில் சொன்னான், நான் ஆங்கிலத்தில் எழுதினேன். சுருக்கமான வாக்குமூலம்தான். இங்கிலாந்தில் இறங்கியதும் தன்னிடம் இருந்த ஒரு எண்ணை அழைத்ததாகவும், ஒருவர் எடுத்துத் தமிழில் பேசியதாகவும், அவர் தன் அண்ணன் இல்லை என்றும்.

இப்றாஹீம் சேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “தம்பி, குர்ஆனோ பைபிளோ, சத்தியம்னா சத்தியந்தான். அந்த ஆள் ஒங்க அண்ணன் இல்லேங்கிறது நிச்சயமா?”

“நிச்சயம் சேர்,” என்றான். “எங்கண்ணன் அப்பிடிப் பேச மாட்டார்.”

பைபிளில் கையை வைத்தான். வடு இருக்கிற கை. குரல் நடுங்கவில்லை. பொய்களை மொழிபெயர்ப்பதுதான் என் தொழில். எது பொய் என்று எனக்கு எப்போதும் தெரிந்துவிடும். இது எது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

சத்தியக் கடதாசியை இத்தோடு அனுப்புகிறேன். அது உன்னைக் காப்பாற்றினாலும் காப்பாற்றாவிட்டாலும் எனக்கு எழுதவேண்டாம்.

அம்மா உன் சுகம் கேட்டதாக எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

எமல்டா